முதல் நாற்காலி யாருக்கு? வட்ட மேசைப் புதிர்கள்: வாசகர் கேள்வி – பதில்

வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர். யாருக்குப் பக்கத்தில் யார், யாருக்கு எதிரே யார் என்று சில குறிப்புகள். அவற்றை வைத்து எல்லோரையும் உரிய நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். இவ்வகைப் புதிர்கள் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில், இருக்கைகளுக்குக் கடிகாரத் திசையில் 1, 2, 3 என்று எண் இட்டிருப்பதாகவும் எல்லோரும் மேசையின் மையத்தைப் பார்த்து அமர்ந்திருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு வலம், இடம் சரியாகப் போட்டுவிடுகிறேன். மேல்பகுதிக்குப் போனதும் மாறிவிடுகிறது. தலையைத் திருப்பாமல், தாளைத் திருப்பாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. வலம், இடம் என்று யோசிப்பதை முதல் வரியிலேயே விட்டுவிட்டுக் கடிகாரத் திசைக்கு மாறிவிடுங்கள்.

கீழே உட்கார்ந்து மையத்தைப் பார்ப்பவர் தாளில் மேல்நோக்கிப் பார்க்கிறார். நீங்களும் அதே திசையில்தான் பார்க்கிறீர்கள். அதனால் அவருடைய வலக்கை உங்கள் வலக்கைப் பக்கமே வருகிறது, குழப்பம் இல்லை. மேலே இருப்பவர் உங்களைப் பார்த்தபடி இருக்கிறார். அவருடைய வலக்கை உங்களுக்கு இடப்பக்கம் விழுகிறது. ஆனால் இருவருடைய வலக்கையும் சுற்றில் ஒரே திசையைத்தான் காட்டும். கீழே இருப்பவரின் வலப்பக்கம் நகர்ந்தால் 6 மணியிலிருந்து 5 மணிக்குப் போவீர்கள். மேலே இருப்பவரின் வலப்பக்கம் நகர்ந்தால் 12 மணியிலிருந்து 11 மணிக்குப் போவீர்கள். இரண்டுமே எதிர்க்கடிகாரத் திசை.

ஆகவே மையத்தைப் பார்ப்பவருக்கு இடப்பக்கம் என்றால் கடிகாரத் திசை, வலப்பக்கம் என்றால் எதிர்க்கடிகாரத் திசை. மையத்துக்கு முதுகு காட்டி வெளியே பார்ப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். தாளின் மூலையில் ‘உள்: இடம் +, வலம் −’ என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே ‘வெளி: இடம் −, வலம் +’ என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டல் குறி கடிகாரத் திசையில் எண் ஏறுவதைக் காட்டுகிறது. அதன்பின் எந்த இருக்கையில் யார் இருந்தாலும் மனதுக்குள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. கூட்டினால் போதும், கழித்தால் போதும்.

கேள்வி: ‘கலாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது மணி’ என்பதற்கும் ‘கலாவுக்கும் மணிக்கும் இடையே மூவர்’ என்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரு புதிர் முழுவதும் தவறிவிட்டது.

பதில்: முதலாவதில் இடையே இருப்பவர்கள் இருவர்தான். கலாவுக்கு அடுத்த நாற்காலியை ஒன்று என்று வைத்து எண்ணுகிறோம், மூன்றாவதில் மணி. கலா 1 என்றால் மணி 4. இரண்டாவதில் மூன்று நாற்காலிகளைத் தாண்டி நான்காவதில் மணி. கலா 1 என்றால் மணி 5. எட்டுப் பேர் வட்டத்தில் அது நேர் எதிர் இருக்கை. அதாவது எட்டுப் பேர் புதிரில் ‘இடையே மூவர்’ என்று பார்த்தால் ‘எதிரே’ என்று படித்துவிடலாம். ஆறு பேர் வட்டத்தில் ‘இடையே இருவர்’ என்பதும் அப்படியே.

திசை பற்றியும் ஒரு வேறுபாடு உண்டு. ‘இடப்பக்கம் மூன்றாவது’ ஒரே இருக்கையைக் காட்டுகிறது. ‘இடையே ஒருவர்’ என்பது எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. இரண்டு இருக்கைகள் மிச்சம் இருக்கும். இரண்டையும் எழுதிவைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: யாரிடமிருந்து எண்ணுவது? ‘கலாவுக்கு’ என்று யார் பெயரோடு ‘கு’ ஒட்டியிருக்கிறதோ அவரிடமிருந்து. ‘மணி, கலாவுக்கு இடப்பக்கம்’ என்று மணியின் பெயர் முன்னால் வந்தாலும் கலாவின் நாற்காலியிலிருந்தே எண்ண வேண்டும். விரைவாகப் படிக்கும்போது முதலில் வரும் பெயரில் விரல் வைப்பது பழக்கமாகிவிடுகிறது. திசை சரியாக இருந்தும் படம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கேள்வி: எந்தக் குறிப்பில் தொடங்குவது என்றே தெரிவதில்லை. வரிசையாக முதலாவதிலிருந்து போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு முழுப் புதிரை எடுத்துக் காட்ட முடியுமா?

பதில்: காட்டுகிறோம். கலா, சுதா, தேவி, நளன், பாலு, மணி, ரவி, வேலு என எட்டுப் பேர். குறிப்புகள் இவை.

(1) சுதா கலாவுக்குப் பக்கத்தில் இல்லை.
(2) தேவிக்கு வலப்பக்கம் அடுத்த இருக்கையில் ரவி.
(3) தேவிக்கு நேர் எதிரே பாலு.
(4) மணிக்கும் சுதாவுக்கும் இடையே ஒரே ஒருவர்.
(5) கலாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது மணி.
(6) பாலுவும் சுதாவும் அடுத்தடுத்த இருக்கைகளில்.
(7) மணிக்கு இடப்பக்கம் அடுத்த இருக்கையில் வேலு.

வட்டத்தில் முதல் நாற்காலி என்று ஒன்று இல்லை. அதனால் ஒருவரை எங்கே வைத்தாலும் தவறாகாது. யாரை முதலில் வைப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. திசையும் தூரமும் சேர்ந்து சொல்லப்பட்ட குறிப்பைத் தேடுங்கள். அதிலும் மற்ற குறிப்புகளில் திரும்ப வரும் பெயர் உள்ளது மேல். இங்கே 5-ஆம் குறிப்பு. அதில் வரும் மணி 4-இலும் 7-இலும் இருக்கிறார், கலா 1-இல் இருக்கிறார். 2-ஆம் குறிப்பும் திசையும் தூரமும் சொல்வதுதான், ஆனால் ரவி வேறு எங்கும் இல்லை. அதில் தொடங்கினால் அடுத்த அடி தேவியின் வழியாக மட்டுமே போக முடியும்.

எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைக்க 5,040 வழி. ஒவ்வொரு குறிப்பும் அதை எவ்வளவு குறைக்கிறது என்று கூடவே எண்ணிக்கொண்டு போவோம்.

கலா 1. இடம் என்றால் கூட்டல், மணி 4. மிச்சம் 720. அடுத்து 4-ஆம் குறிப்பு: சுதா 6 அல்லது 2. இப்போதே தாளில் இரண்டு வட்டம் போட்டுவிடுங்கள். மிச்சம் 240.

அடுத்து 3. எட்டு இருக்கையில் எதிரெதிர் ஜோடிகள் நான்கு: 1-5, 2-6, 3-7, 4-8. 1-இல் கலா, 4-இல் மணி இருப்பதால் இரண்டு ஜோடி போயிற்று. 2-6 ஜோடியில் ஒரு நாற்காலி எப்படியும் சுதாவுக்கு. ஆக, தேவியும் பாலுவும் 3-7 ஜோடியில்தான், இரண்டு வட்டத்திலும். யார் எதில் என்று இன்னும் தெரியாவிட்டாலும் மிச்சம் 24 ஆகிவிட்டது. இந்த ஒரு அடி பத்தில் ஒன்றாகக் குறைத்ததைக் கவனியுங்கள். ‘எதிரே’ என்ற குறிப்பு தொடக்கத்தில் பலமற்றது. இரண்டு மூன்று பேர் அமர்ந்த பிறகு மிகுந்த பலம் பெறுகிறது.

7-இன்படி வேலு 5. மிச்சம் 8. 6-இன்படி பாலு சுதாவுக்குப் பக்கத்தில்: சுதா 6 என்றால் பாலு 7, தேவி 3, சுதா 2 என்றால் பாலு 3, தேவி 7. மிச்சம் 4. 2-இன்படி ரவி தேவிக்கு வலப்பக்கம், அதாவது ஒன்றைக் கழிக்க வேண்டும்: முதல் வட்டத்தில் ரவி 2, இரண்டாவதில் ரவி 6. எஞ்சிய நாற்காலி நளனுக்கு. இப்போது இரண்டே அமைப்புகள்:

முதல் வட்டம்: 1 கலா, 2 ரவி, 3 தேவி, 4 மணி, 5 வேலு, 6 சுதா, 7 பாலு, 8 நளன்.
இரண்டாம் வட்டம்: 1 கலா, 2 சுதா, 3 பாலு, 4 மணி, 5 வேலு, 6 ரவி, 7 தேவி, 8 நளன்.

கடைசியாக 1-ஆம் குறிப்பு. இரண்டாம் வட்டத்தில் சுதா கலாவை ஒட்டி இருக்கிறார், அது கூடாது. முதல் வட்டமே விடை.

அதே 1-ஆம் குறிப்பில் தொடங்கியிருந்தால்? 5,040-இல் 1,440 மட்டும் போயிருக்கும், 3,600 மிச்சம் இருக்கும், தாளில் எழுத ஒன்றும் இருக்காது. ‘இல்லை’ என்று முடியும் குறிப்புகளுக்குத் தொடக்கத்தில் வேலை கிடையாது. ஒரு ஓரத்தில் வட்டமிட்டு வையுங்கள். இரண்டு மூன்று அமைப்புகளாக வந்து நிற்கும்போது அவைதான் தீர்ப்புச் சொல்லும். உங்களுக்கு ‘பாதியில் நின்றுவிடுகிறது’ என்பதற்கும் காரணம் இதுவாகவே இருக்கும்: வரிசையாகப் படித்தால் முதல் குறிப்பையே எங்கும் பொருத்த முடியாது.

இன்னும் ஒன்று. இரண்டு வட்டத்தையும் மறுபடி பாருங்கள்: நளன் இரண்டிலும் 8-இல்தான். ‘மணிக்கு நேர் எதிரே யார்?’ என்பது மட்டுமே கேள்வி என்றால், 1-ஆம் குறிப்பைத் தொடாமலே ‘நளன்’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். தேர்வில் இருப்பவர்கள் குறிப்புகளைப் படித்ததும் கேள்விகளையும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: கணினித் திரையில் தேர்வு எழுதும்போது வட்டம் வரைந்து, அழித்து, மறுபடி வரைவதற்குள் நேரம் போகிறது. வட்டமே வரையாமல் முடியுமா?

பதில்: முடியும். 1 முதல் 8 வரை ஒரே வரியில் எழுதி, அதன் கீழே பெயர்களின் முதல் எழுத்தை நிரப்புங்கள். 8-ஐத் தாண்டினால் 8-ஐக் கழியுங்கள். 1-க்குக் கீழே போனால் 8-ஐக் கூட்டுங்கள். 7-இல் இருப்பவருக்கு இடப்பக்கம் மூன்றாவது: 7 + 3 = 10, அதில் 8 போக 2. எதிர் இருக்கை வேண்டுமானால் 4 கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். இரண்டாவது சாத்தியத்துக்கு வரியின் கீழ் இன்னொரு வரி எழுதினால் போதும். ஒன்றுக்கொன்று நேராக இருப்பதால் இரண்டிலும் மாறாத ஆள் யார் என்று உடனே கண்ணில் படும். வட்டம் வரைவதில் இந்த வசதி இல்லை.

வரியில் எழுதுவோர் சறுக்கும் இடம் ஒன்றுதான்: 8-உம் 1-உம் அடுத்தடுத்த இருக்கைகள் என்பதை மறப்பது. வரியின் இரு முனையிலும் ஒரு வளைவுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வட்டமே பிடிக்கும் என்றால் பெரிய வட்டம் வரைய வேண்டாம். மையத்தில் வெட்டிக்கொள்ளும் நான்கு கோடுகளைப் போட்டால் எட்டு முனைகள் வந்துவிடும், எதிர் இருக்கைகளும் கோட்டின் இரு முனைகளாகத் தாமே அமைந்துவிடும்.

கேள்வி: ஏழு பேர் வட்டத்தில் எதிரே இருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒற்றைப்படை எண்ணிக்கையில் நேர் எதிரே யாரும் இல்லை. ஏழு பேரில் இடப்பக்கம் மூன்றாவதும் வலப்பக்கம் நான்காவதும் ஒரே ஆள். ஆள் எண்ணிக்கை சொல்லாத புதிரில் ‘நேர் எதிரே’ என்ற சொல் வந்தால் எண்ணிக்கை இரட்டைப்படை என்று தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: சிலர் உள்நோக்கியும் சிலர் வெளிநோக்கியும் இருக்கும் புதிர்களில்தான் தோற்றுப்போகிறேன். யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

பதில்: முறை இருக்கிறது. முகம் பார்க்கும் திசையும் நாற்காலியைப் போலவே கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் இடம் விட்டு, உள் என்றால் ‘உ’, வெளி என்றால் ‘வெ’, தெரியாவிட்டால் கேள்விக்குறி என்று எழுதுங்கள். தெரியாததை ‘உள்’ என்று கொள்வதுதான் இந்த வகையில் அதிகம் நடக்கும் தவறு.

ஆறு பேர் புதிர் ஒன்றைப் பார்ப்போம். கலா, சுதா, தேவி, மணி, ரவி, வேலு.

(1) கலாவுக்கு வலப்பக்கம் இரண்டாவது மணி. மணிக்கு வலப்பக்கம் இரண்டாவது கலா.
(2) கலா மையத்தைப் பார்க்கிறார்.
(3) மணிக்கு இடப்பக்கம் அடுத்து ரவி.
(4) ரவிக்கு வலப்பக்கம் இரண்டாவது சுதா.
(5) வேலுவுக்கு இடப்பக்கம் அடுத்து தேவி. தேவிக்கு வலப்பக்கம் அடுத்து வேலு.
(6) மையத்தைப் பார்ப்பவர்கள் சரியாக மூவர்.

முதல் குறிப்பை நிதானமாகப் பாருங்கள். இருவரும் ஒரே பக்கம் பார்த்திருந்தால், கலாவின் வலத்தில் மணி இரண்டாவது என்றால் மணியின் வலத்தில் கலா நான்காவதாக இருந்திருப்பார். இருவருக்கும் மற்றவர் வலத்தில் இரண்டாவது என்பதால் முகங்கள் எதிரெதிர். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: ஒரே தூரம், ஒரே பக்கச் சொல் இரண்டு முறை வந்தால் முகம் எதிரெதிர், ஒரே தூரம், ஒரு முறை வலமும் ஒரு முறை இடமும் வந்தால் முகம் ஒரே பக்கம். நேர் எதிர் இருக்கையின் தூரத்துக்கு மட்டும் (ஆறு பேரில் மூன்றாவது, எட்டுப் பேரில் நான்காவது) இந்த விதி செல்லாது. எந்தப் பக்கம் எண்ணினாலும் அதே ஆள்தானே.

கலா 1, உள். வலம் என்றால் கழித்தல்: மணி 5, வெளி. வெளிநோக்கியவருக்கு இடம் என்றால் கழித்தல்: ரவி 4. ரவியின் முகம் தெரியாது. உள் என்றால் சுதா 2, வெளி என்றால் சுதா 6. இங்கே பலர் ஒன்றை ஊகித்துக்கொண்டு மேலே போவார்கள். ஊகிக்கத் தேவையில்லை. 5-ஆம் குறிப்பின்படி தேவியும் வேலுவும் ஒட்டியிருக்க வேண்டும். எஞ்சியவை 2, 3, 6. சுதா 2-இல் உட்கார்ந்தால் 3-உம் 6-உம் மிஞ்சும், அவை ஒட்டாது. ஆகவே சுதா 6. அதனால் ரவி வெளிநோக்கி. நாற்காலியே முகத்தைச் சொல்லிவிட்டது.

தேவியும் வேலுவும் 2-இலும் 3-இலும். 5-ஆம் குறிப்பில் ஒன்று இடம், ஒன்று வலம். முகம் ஒரே பக்கம். இருவரும் வெளி என்றால் உள்நோக்க மிஞ்சுபவர்கள் கலாவும் சுதாவும் மட்டும், மூவர் வராது. ஆகவே இருவரும் உள், கலாவோடு மூவர், சுதா வெளி. உள்நோக்கிய வேலுவுக்கு இடம் என்றால் கூட்டல்: வேலு 2, தேவி 3. முடிந்தது: 1 கலா உ, 2 வேலு உ, 3 தேவி உ, 4 ரவி வெ, 5 மணி வெ, 6 சுதா வெ.

2-ஆம் குறிப்பை மறைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இன்னொரு விடையும் வரும்: வரிசை எதிர்த்திசையில் திரும்பி, எல்லோருடைய முகமும் மாறி, கலா வெளி, மணி 3-இல் உள் என்று. வட்டத்தைக் கண்ணாடியில் திருப்பி, எல்லோரையும் மறுபக்கம் பார்க்கச் செய்தால் வலம்-இடக் குறிப்புகளில் ஒன்றுகூட உடையாது. ‘இன்னார் உள்நோக்கி’ என்றோ ‘கடிகாரத் திசையில் இன்னார் அடுத்து’ என்றோ ஒரு திட்டமான வரி வேண்டும். எண்ணிக்கைக் குறிப்பும் உதவலாம், ஆனால் மூவர் உள், மூவர் வெளி என்று பாதிப் பாதியாக இருந்தால் கண்ணாடியிலும் அதே எண்ணிக்கைதான் வரும். கலவை முகப் புதிரில் முதலில் அந்தத் திட்டமான வரியைத் தேடுங்கள். அதில் வரும் பெயரே முதல் நாற்காலிக்கு உரியவர்.

கேள்வி: சதுர மேசைப் புதிர்கள் தனி வகையா? மூலையில் நால்வர், பக்கங்களின் நடுவில் நால்வர். மூலையில் இருப்பவர்கள் உள்நோக்கி, மற்றவர்கள் வெளிநோக்கி.

பதில்: எட்டுப் பேர் வட்டம்தான், இரண்டு கூடுதல் வசதிகளோடு. மூலைகளுக்கு 1, 3, 5, 7 என்றும் நடுக்களுக்கு 2, 4, 6, 8 என்றும் எண் இடுங்கள். ஒற்றை எண் என்றால் உள், இரட்டை எண் என்றால் வெளி. முகம் பற்றித் தனியாகக் குறிக்கத் தேவையில்லை. அடுத்த வசதி: இரண்டாவது, நான்காவது என்று இரட்டைத் தூரம் வந்தால் இருவரும் ஒரே வகை இருக்கை. முதலாவது, மூன்றாவது என்றால் ஒருவர் மூலை, ஒருவர் நடு. பெயரை எங்கே வைப்பது என்று தெரியாதபோதும் வகையைச் சொல்லிவிடலாம்.

இங்கே தவறு நேர்வது முதல் ஆளை வைக்கும்போது. வட்டத்தில் அவரை எங்கும் வைக்கலாம். சதுரத்தில் முடியாது, அவர் மூலையா, நடுவா என்று இரண்டு சாத்தியங்கள் உண்டு. அதனால்தான் வட்டத்தில் 5,040 ஆக இருந்த அமைப்புகள் இங்கே 10,080. குறிப்பு எதுவும் சொல்லாமல் அவரை மூலையில் உட்கார வைத்துவிட்டால் பாதிச் சாத்தியங்களைப் பார்க்காமலே விட்டதாகிவிடும்.

கேள்வி: ‘வட்டத்தில் சிலர் இருக்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லி, எத்தனை பேர் என்று கேட்கிறார்களே?

பதில்: ஒரே ஜோடியை இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிய குறிப்பைத் தேடுங்கள். கலாவுக்கு இடப்பக்கம் ஐந்தாவது மணி, அதே மணி கலாவுக்கு வலப்பக்கம் ஏழாவது என்றால் மொத்தம் 5 + 7 = 12. ‘இடையே’ என்று வந்தால் இரண்டைச் சேர்க்க வேண்டும்: ஒரு பக்கம் இடையே 3 பேர், மறுபக்கம் இடையே 5 பேர் என்றால் 3 + 5 + 2 = 10. அந்த இரண்டு, கலாவும் மணியும். அவர்களை விட்டுவிட்டு 8 என்று எழுதுவோர் நிறையப் பேர்.

கேள்வி: பெயரோடு தொழிலும் சேர்ந்து வந்தால் குழம்பிவிடுகிறேன். பெயர்களை முழுதும் முடித்துவிட்டுத் தொழிலுக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம். பெயர்கள் தனியே முடியாதபடிதான் அத்தகைய புதிர்கள் அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு இருக்கைக்கும் உள்ளே பெயருக்கு ஓர் இடம், வெளியே தொழிலுக்கு ஓர் இடம் என்று வைத்து, எது முதலில் தெரிகிறதோ அதை நிரப்புங்கள். ஆறு பேர் வட்டத்தில் மருத்துவருக்கு இடப்பக்கம் இரண்டாவது ஆசிரியர், ஆசிரியருக்கு எதிரே கலா என்று இருக்கட்டும். மருத்துவர் 1, ஆசிரியர் 3, கலா 6. மருத்துவரின் பெயரும் ஆசிரியரின் பெயரும் தெரியாது. ஆனாலும் கலா மருத்துவருக்கு வலப்பக்கம் ஒட்டி இருக்கிறார், அவர் அந்த இரண்டு தொழிலிலும் இல்லை என்று இப்போதே சொல்லிவிடலாம். பிந்தைய செய்தியைப் பலர் எழுதிவைப்பதில்லை. ஓர் ஓரத்தில் பெயரும் தொழிலும் கொண்ட சிறு கட்டம் போட்டு, பொருந்தாத இடத்தில் பெருக்கல் குறி இடுங்கள்.

கேள்வி: எட்டுப் பேருக்கு 5,040 என்பது எப்படி? அதில் இருவர் சேர்ந்தே உட்கார வேண்டும், அல்லது சேரவே கூடாது என்றால்? கணவன் மனைவி ஜோடிகள் வந்தால்?

பதில்: வரிசையில் எட்டுப் பேருக்கு 40,320 வழி. வட்டத்தைச் சுழற்றினால் வரும் எட்டு நிலைகளும் ஒரே அமைப்பு என்பதால் எட்டால் வகுக்கிறோம்: 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 5,040. மணிகள் கோத்த மாலைக் கணக்கில் மேலும் இரண்டால் வகுப்பார்கள். மாலையைப் புரட்டிப் போடலாம். மேசையில் வலம் இடம் உண்டு, புரட்ட முடியாது. எனவே இங்கே வகுக்கக் கூடாது.

இருவர் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றால் அவர்களை ஓர் ஆளாகக் கொள்ளுங்கள். ஏழு பேர் வட்டம்: 720. இருவரும் தமக்குள் இடம் மாறலாம்: 1,440. சேரக் கூடாது என்றால் 5,040 − 1,440 = 3,600. முன்பு சுதாவும் கலாவும் பற்றிய குறிப்பில் வந்த எண் இதுதான்.

நான்கு தம்பதியர், ஆணும் பெண்ணும் மாறி மாறி என்றால் பெண்களை வட்டமாக உட்கார வைக்க 6 வழி, நடுவில் உள்ள நான்கு நாற்காலிகளில் ஆண்களுக்கு 24 வழி, ஆக 144. இத்தோடு எந்தக் கணவனும் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று சேர்த்தால் கணக்கு திடீரென்று கடினமாகிவிடும். 1891-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா எழுப்பிய புகழ்பெற்ற கேள்வி இது. ஹனோய் கோபுரப் புதிரை உருவாக்கியவரும் அவரே. மூன்று தம்பதியருக்கு 2 வழி, நான்கு தம்பதியருக்கு 12, ஐந்து தம்பதியருக்கு 312. எளிய ஒரு பெருக்கல் வாய்பாடு இதற்குக் கிடையாது. எத்தனை தம்பதியருக்கும் பொருந்தும் வாய்பாட்டை ஜாக் தூஷார் தந்தது 1934-இல்தான்.

கேள்வி: நான் போட்ட விடை கொடுக்கப்பட்ட விடையோடு ஒத்துவரவில்லை. முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவதா?

பதில்: அழிப்பதற்கு முன் எழுதிய படத்தைக் குறிப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எல்லாக் குறிப்பும் பொருந்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தலைப்பு வரியை: எல்லோரும் உள்நோக்கியா, வெளிநோக்கியா? ‘வெளிநோக்கி’ என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் பிழையே தெரியாமல் படம் முழுவதும் திரும்பி நிற்கும். அப்போது வரிசையை எதிர்த்திசையில் எழுதினாலே சரியான விடை கிடைத்துவிடும், மறுபடி தீர்க்க வேண்டியதில்லை.

ஒரு குறிப்பு மட்டும் இடித்தால், எந்த இடத்தில் இரண்டு சாத்தியங்களில் ஒன்றை எடுத்தீர்கள் என்று பாருங்கள். அந்தப் பிரிவுக்கு முன் நிரப்பியவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதற்காகவே, உறுதியாகத் தெரிந்ததைப் பேனாவாலும் சாத்தியத்தைப் பென்சிலாலும் எழுதுவது நல்லது. மூன்று சாத்தியங்களுக்கு மேல் கிளைத்தால் கையிலுள்ள குறிப்பைத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். கிளைகளை வளர்ப்பதைவிட அது நேரம் மிச்சப்படுத்தும்.

‘கலாவுக்குப் பக்கத்தில் மணி’ என்பதை ‘கலாவுக்கு இடப்பக்கம் மணி’ என்று நினைத்துக்கொள்வதும், ‘மணியோ ரவியோ’ என்பதில் முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடப்பவை. அவற்றையும் பாருங்கள்.

கேள்வி: மாணவர்களுக்காக நானே புதிர் அமைக்கிறேன். விடை ஒன்றே ஒன்றுதான் என்று எப்படி உறுதி செய்வது? எத்தனை குறிப்புகள் போதும்?

பதில்: முதலில் விடையை எழுதிவிட்டு அதிலிருந்து குறிப்புகளை எடுங்கள், குறிப்புகளை எழுதிவிட்டு விடையைத் தேட வேண்டாம். பிறகு மேலே செய்தது போல, ஒவ்வொரு குறிப்புக்கும் பின் மிச்சம் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். கடைசி எண் 1 ஆக வேண்டும். எத்தனை குறிப்பு என்பதற்கு நிலையான எண் கிடையாது.

அடுத்து, ஒவ்வொரு குறிப்பாக மறைத்துப் பாருங்கள். எட்டுப் பேர் புதிரில் 1, 2, 5, 7 ஆகிய நான்கில் எதை மறைத்தாலும் விடை ஒன்றுக்கு மேல் வந்துவிடும். ஆனால் 3, 4, 6 ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் மறைத்தால் விடை மாறாது. உதாரணமாக 4 இல்லாவிட்டாலும் தேவி 2-இலோ 6-இலோ இருந்தால் ரவிக்கான நாற்காலியில் கலாவோ வேலுவோ இருக்கிறார். தேவி 7 என்றால் பாலு 3-இல் இருப்பார், சுதாவுக்கு ஏற்ற நாற்காலி இல்லை. மிஞ்சுவது தேவி 3 மட்டும். 3-ஐயும் 6-ஐயும் சேர்த்து மறைத்தால் நான்கு விடைகள் வரும்.

மிகையான குறிப்பு இருப்பது குற்றம் அல்ல. புதிதாகக் கற்பவர்களுக்கு அது இன்னொரு வழியைத் திறந்து வைக்கிறது. ஒரு வழியில் மாட்டிக்கொண்டவர் மறுவழியில் வந்துவிடுவார். தேர்ந்தவர்களுக்கான புதிரில் அதை எடுத்துவிடலாம். கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது வேறு: ‘கலாவுக்கு வலப்பக்கம் மணி’ என்று தூரம் சொல்லாமல் எழுதுவது. வட்டத்தில் எல்லோருமே எல்லோருக்கும் வலப்பக்கம்தான். ‘அடுத்து’ அல்லது ‘இரண்டாவது’ என்று கட்டாயம் சேருங்கள். ‘நடுவில்’ என்ற சொல்லையும் ‘இருவரையும் ஒட்டி நடுவில்’ என்று தெளிவாக்குங்கள். இல்லையென்றால் ஒரே புதிருக்கு வகுப்பில் இரண்டு விடைகள் வரும், இரண்டையுமே தவறென்று சொல்ல முடியாது.